ஆப்ளிக் போட்டு ஒன்பது

(வாசகர் கேள்விகளுக்கு, 26 வருடம் ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவரின் பதில்கள்)

போன மாதம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து வலது பாதம் வீங்கிவிட்டது. டாக்டர் எழுதிக் கொடுத்த எக்ஸ்ரே சீட்டில் "ரைட் ஃபுட், ஏபி / ஒப்ளீக்" என்று இருந்தது. ஒப்ளீக் என்பது எலும்பு முறிவின் பெயர் என்று பயந்து இரவு முழுக்கத் தூங்கவில்லை. அதே வாரம் ஒரு கவுன்டரில் விண்ணப்பம் நிரப்பும்போது, "கதவு நம்பர் நாற்பத்தியொண்ணு ஆப்ளிக் போட்டு ஒன்பது எழுதுங்க" என்றார்கள். நான் 'ஆப்ளிக்' என்றே எழுத்தில் எழுதிவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். இரண்டும் ஒரே சொல்லா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

ஒரே சொல்தான். அகராதிக்காரர்கள் இரண்டாவது அசையை அழுத்தி 'ஒப்ளீக்' என்பார்கள். நம் ஊர் வாயில் அது 'ஆப்ளிக்'. அடிப்படைப் பொருள் சாய்வு. நேராக நிற்காதது, நேராகப் படுக்காதது, இரண்டுக்கும் நடுவே சாய்ந்திருப்பது.

முதலில் அம்மாவின் பாதம். சீட்டில் இருந்தது முறிவின் பெயர் இல்லை, படம் எடுக்க வேண்டிய கோணம். ஏபி என்றால் முன்னிருந்து பின்னாக நேரே எடுக்கும் படம். ஒப்ளீக் என்றால் பாதத்தைக் கொஞ்சம் சாய்த்து வைத்து எடுப்பது. ஒரு பாதத்தில் 26 எலும்புகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. நேர்ப் படத்தில் ஒன்றை ஒன்று மறைக்கும். சாய்த்து எடுத்தால் விலகித் தெரியும். அந்தச் சீட்டு எழுதியபோது முறிவு இருக்கிறதா இல்லையா என்பதே டாக்டருக்குத் தெரியாது, அதைப் பார்க்கத்தானே படம். இதை அங்கேயே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்களுக்கு ஓர் இரவுத் தூக்கம் மிஞ்சியிருக்கும். சீட்டில் புரியாத சொல் இருந்தால் எக்ஸ்ரே எடுப்பவரிடமே கேட்டுவிடுங்கள், கூச்சமே வேண்டாம்.

முறிவிலும் ஒப்ளீக் உண்டு. அது படம் பார்த்த பிறகு வரும் ரிப்போர்ட்டில் இருக்கும். எலும்பு குறுக்கே ஒடிந்தால் ஒரு பெயர், முறுக்கிக்கொண்டு ஒடிந்தால் ஒரு பெயர், கரும்பைச் சாய்த்து வெட்டினாற்போல் ஒடிந்தால் ஒப்ளீக். சாய்வாக ஒடிந்த முனைகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கப் பார்க்கும். அதனால்தான் மாவுக்கட்டு போதுமா, பிளேட் வைக்க வேண்டுமா என்று டாக்டர் யோசிப்பார்.

இனி கதவு எண். எண்களுக்கு நடுவே போடும் சாய்கோட்டுக்குத்தான் அங்கே ஆப்ளிக் என்று பெயர். இதையே 'பை' என்றும் சொல்கிறோம், கணினிப் பிள்ளைகள் 'ஸ்லாஷ்' என்பார்கள். கோடு ஒன்றுதான், ஆனால் சென்னையில் அதற்கு இரண்டு வேலை. 41/2 என்றால் பெரும்பாலும் 41-ஆம் எண் வீட்டில் இரண்டாவது பகுதி. 41/9 என்றால் புது எண் 41, பழைய எண் 9 என்றும் இருக்கலாம். சிலர் பழையதை முதலில் எழுதுவார்கள். கோடு வாயைத் திறந்து எதுவும் சொல்லாது. நான் புரூஃப் பார்த்த ஒரு கல்யாணப் பத்திரிகையில் இப்படித்தான் ஓர் எண் கோடு போட்டு வந்தது. கையெழுத்துப் பிரதியில் இருந்தபடியே விட்டுவிட்டேன். மாப்பிள்ளை வீட்டாரின் பெரியவர் ஒருவர் வெயிலில் தெரு முழுக்க அலைந்து, பழைய எண்ணைப் புது எண்ணாக எடுத்துக்கொண்டு வேறொரு வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார். அது இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது. அதற்கப்புறம் எந்த முகவரி வந்தாலும் 'புதிய எண்', 'பழைய எண்' என்று எழுத்தில் போடச் சொல்லிக் கேட்டு வாங்கிய பிறகுதான் அச்சுக்கு அனுப்பினேன்.

ஆகவே நீங்கள் எழுத்தில் எழுதியதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. காதில் விழுந்ததை எழுதினீர்கள். "சாய்கோடு போடுங்கள்" என்று சொல்லியிருந்தால் அந்தக் கவுன்டரில் எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

பட்டாவில் வரும் 112/3-இலும் இதே கோடுதான். புல எண் 112, உட்பிரிவு 3. பில்லில் 500/- என்று எழுதுகிறோமே, அந்தக் கோடு பிரிட்டிஷ் ஷில்லிங் கணக்கிலிருந்து வந்தது. 5/- என்றால் ஐந்து ஷில்லிங், பென்ஸ் எதுவும் இல்லை. ஷில்லிங் போய்விட்டது, கோடு நம் செக் புத்தகத்தில் தங்கிவிட்டது. சில்லறைப் பக்கத்தை அடைத்துவிடுவதால் பின்னால் யாரும் எண்ணைச் சேர்க்க முடியாது. நல்ல பழக்கம், விடாதீர்கள்.

ஆபீசில் வருடாந்திர மதிப்பீட்டில் என் மேனேஜர், 'ஒப்ளீக் ஆன்ஸர்ஸ்' தருகிறேன் என்று எழுதியிருக்கிறார். அகராதியில் 'மறைமுகமான' என்று போட்டிருக்கிறது. நான் எதையும் மறைக்கவில்லையே?
– ஒரு வாசகர், சோழிங்கநல்லூர்

இந்த 'மறைமுகம்' என்ற ஒரே சொல்லை வைத்து எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. நேராகப் பேசாத பேச்சுக்குத் தமிழில் எத்தனை சொல் இருக்கிறது! மருமகள் காதில் விழும்படி மாமியார் பூனையைத் திட்டினால் அது சாடை. வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டச் சொல்லாமல், "எதிர் வீட்டில் பதினெட்டாயிரம் கொடுக்கிறாங்களாம்" என்று ஆரம்பித்தால் அது சுற்றி வளைப்பது. சபையில் ஒருவர் மனம் நோகாமல் குறிப்புக் காட்டினால் சூசகம். இருவருக்கு மட்டும் விளங்கும்படி பேசினால் பூடகம். கேட்ட கேள்விக்கு ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லாமல் நழுவினால் மழுப்பல், இன்னும் அழகாகச் சொன்னால் பிடிகொடுக்காமல் பேசுவது. ஆங்கிலத்தில் ஒப்ளீக் இத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே சட்டை.

பார்வைக்கும் அப்படித்தான். ஒப்ளீக் பார்வையை ஓரக்கண் பார்வை என்று சொல்லலாம், கடைக்கண் என்று சொல்லிவிடாதீர்கள். கடைக்கண் பார்வையில் அருளோ காதலோ இருக்கும். ஓரக்கண்ணில் கவனிப்பு மட்டுமே.

உங்கள் மேனேஜர் நினைத்தது பிடிகொடுக்காத பதிலாகத்தான் இருக்கும். "வேலை வெள்ளிக்கிழமை முடியுமா?" என்று கேட்டால், "பார்த்துக்கிட்டிருக்கோம் சார்" என்கிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் மறைத்ததாக அவர் எழுதவில்லை. தேதி சொல்லவில்லை என்கிறார்.

'ஒப்ளீக் மோட்டிவ்' என்பதை 'மறைமுக நோக்கம்' என்று மொழிபெயர்த்தேன். சீனியர் அந்தச் சொல்லைக் கோடு போட்டு அடித்துவிட்டார்.
– வக்கீல் குமாஸ்தா, பாரிமுனை

அடித்தது சரி. 'உள்நோக்கம்' என்று எழுதுங்கள். "நிர்வாகக் காரணம்" என்று சொல்லி ஒருவரை மாற்றல் செய்கிறார்கள், உண்மைக் காரணம் அவர் புகார் கொடுத்தது. சட்டம் ஒரு காரியத்துக்காகக் கொடுத்த அதிகாரத்தை வேறொரு காரியத்துக்காக வளைப்பதுதான் அது. 'மறைமுகம்' என்றால் தெரியாமல் இருக்கிறது என்பதோடு முடிந்துவிடும். 'உள்நோக்கம்' என்னும்போதுதான் குற்றச்சாட்டு வருகிறது.

மொழியியல் பாடத்தில் தமிழுக்கு 'ஒப்ளீக் வடிவம்' என்று வருகிறது. பெயர்ச்சொல் எப்படிச் சாயும்?
– ஒரு மாணவி, தாம்பரம்

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'தாம்பரமில் இறங்கினேன்' என்று யாராவது சொல்வார்களா? தாம்பரத்தில். அந்தத் 'தாம்பரத்து' தான் ஒப்ளீக் வடிவம். வேற்றுமை உருபு ஏறுவதற்கு முன் பெயர் எடுத்துக்கொள்ளும் உரு. மரம் மரத்து ஆகும், வீடு வீட்டு ஆகும், நான் 'என்' ஆகும். கிரேக்க, லத்தீன் இலக்கணக்காரர்கள் எழுவாயை நிமிர்ந்து நிற்பதாகவும் மற்ற வேற்றுமைகளை அதிலிருந்து சாய்வதாகவும் கற்பனை செய்தார்கள். அந்தப் பெயரே நம் மொழிக்கும் ஒட்டிக்கொண்டது. 'மரத்தை' என்பதில் வரும் 'அத்து'வை நம் இலக்கணம் சாரியை என்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அடையாறு. ஆற்றைச் சொல்லும்போது 'அடையாற்றில் வெள்ளம்' என்று எழுதுகிறோம். பேட்டையைச் சொல்லும்போது 'அடையாறில் வீடு' என்கிறோம். ஊர்ப்பெயராக இறுகியதும் அந்தச் சொல் சாய மறுக்கிறது. பாலத்தைத் தாண்டும் பஸ்ஸில் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருங்கள், ஒரு கட்டுரைக்கு விஷயம் கிடைக்கும்.

கவிதைத் தொகுப்பு போடுகிறேன். தமிழ் எழுத்தைச் சாய்த்துப் போட்டால் நன்றாக இல்லையே, ஏன்?
– ஒரு வாசகர், அம்பத்தூர்

ஆங்கிலத்தில் இட்டாலிக் தனியாக வரைந்த எழுத்து. நேர் எழுத்தை அப்படியே தள்ளிச் சாய்த்தால் அது ஒப்ளீக். கணினி உங்களுக்குச் செய்து தருவது இந்த இரண்டாவதை. ண, ணை, ஞ போன்ற வளைவுகள் சாயும்போது நசுங்கிப் போகின்றன. தடித்த எழுத்துப் போடுங்கள், அல்லது எழுத்தின் அளவை மாற்றுங்கள்.

பூமியின் 'ஒப்ளிக்விட்டி' 23.4 டிகிரி என்று டீச்சர் சொன்னார். அதனால் சென்னையில் எனக்கு என்ன தெரியும்?
– ஏழாம் வகுப்பு, கோட்டூர்புரம்

தம்பி, நல்ல கேள்வி. பூமி அவ்வளவு சாய்ந்து சுற்றுவதால்தான் சூரியன் வருடம் முழுக்க ஒரே பாதையில் போகாமல், ஆறு மாதம் வடக்கே, ஆறு மாதம் தெற்கே நகர்கிறது. சென்னை இருப்பது ஏறக்குறைய 13 டிகிரி வடக்கில். வடக்கே அந்த 23.4 டிகிரி வரைதான் சூரியன் போகும். அதற்குள் நாம் இருப்பதால், சூரியன் வடக்கே போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை சரியாக நம் தலைக்கு மேல் வரும். ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில். டெல்லிக்கு அந்த பாக்கியம் ஒரு நாள்கூடக் கிடையாது.

ஆகஸ்டில் மழைமேகம் வந்து மறைக்கலாம், அதனால் ஏப்ரலில் பார். மொட்டை மாடியில் சமமான இடத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்க்காமல் நிமிர்த்தி வை. நேரான டம்ளராக இருக்க வேண்டும், வாய் அகன்றது வேண்டாம். பன்னிரண்டு மணி தாண்டிச் சில நிமிடத்தில் அதன் நிழல் அடியிலேயே ஒளிந்துவிடும். சூரியனை அண்ணாந்து பார்க்காதே, தரையை மட்டும் பார். செருப்புப் போட்டுக்கொண்டு போ, தளம் கொதிக்கும். பார்த்துவிட்டு எனக்கு எழுது.