வீட்டை அடமானம் வைத்து பிஎச்.டி. படிக்க வேண்டுமா?

கேள்வி: என் மகள் மெட்டலர்ஜியில் (உலோகவியல்) எம்.டெக். முடித்து, கேட் (GATE) தேர்விலும் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். இங்கிலாந்தில் பிஎச்.டி.க்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆண்டுக் கட்டணம் 24,000 பவுண்ட், மூன்று ஆண்டுகள். உதவித்தொகை கிடையாது. வீட்டை வைத்துக் கடன் தர வங்கி தயார். முன்பணம் கட்ட இந்த மாதக் கடைசிதான் கெடு. வாங்கலாமா? – ஒரு தாய், பெரம்பூர்

பதில்: வேண்டாம் அம்மா. முன்பணமும் கட்டாதீர்கள்.

உங்கள் மகளின் திறமை மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அறிவியல், பொறியியல் துறைகளில் பிஎச்.டி. என்பது சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலை. ஆய்வகத்தில் உழைக்கப்போவது அவள். அதற்கு அவளே பணம் கட்டுவது முறையல்ல. கட்டணம் மட்டுமே 75 லட்சத்தைத் தாண்டும். விசாவோடு கட்டும் மருத்துவக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்ட். வாடகை, சாப்பாடு தனி. மூன்று ஆண்டு என்பார்கள், ஆய்வேடு முடிய நான்காகிவிடும். வட்டி அதுவரை ஏறிக்கொண்டே இருக்கும்.

அவள் கையில் இருக்கும் கேட் மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். அதை வைத்து ஐஐடி மெட்ராஸுக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே ஆராய்ச்சி உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 70,000-த்தில் தொடங்கும். மெட்டலர்ஜிக்குக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தை விட்டுவிடாதீர்கள், அருமையான ஆய்வகங்கள். ஒன்று மட்டும்: உதவித்தொகை சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாகும். ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக ஒரு டெபாசிட்டில் போட்டு வையுங்கள்.

வெளிநாடுதான் வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன் நாடுகளில் பிஎச்.டி. இடங்களைப் பெரும்பாலும் வேலை விளம்பரமாகவே போடுகிறார்கள், ஒப்பந்தமும் மாதச் சம்பளமும் உண்டு. ஐரோப்பிய ஆய்வு வேலைகளைப் பட்டியலிடும் யூராக்ஸஸ் (EURAXESS) தளத்தில் தினமும் பார்க்கலாம். அமெரிக்காவுக்குப் பெரும்பாலும் டிசம்பரிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும்.

இங்கிலாந்திலும் முழு நிதியுள்ள இடங்கள் இருக்கின்றன. ஆனால் கடிதத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும். “உள்நாட்டு மாணவர் கட்டணம் வழங்கப்படும்” என்று மட்டும் இருந்தால், வெளிநாட்டு மாணவருக்கான மிச்சக் கட்டணம் உங்கள் தலையில்தான் விழும். கட்டணம் முழுவதும், மாத உதவித்தொகை, எத்தனை ஆண்டு – இந்த மூன்றும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.

இப்போது இடம் கொடுத்த அதே பேராசிரியருக்கு உங்கள் மகள் இன்றே எழுதட்டும். நீளமாக வேண்டாம். அவருடைய ஆய்வுக் கட்டுரை ஒன்றைக் குறிப்பிட்டு, அதில் தன் எம்.டெக். வேலை எங்கே சேருகிறது என்று இரண்டு வரி. அப்புறம் நேரடியாகவே: “அடுத்த சுற்றில் உங்கள் திட்டத்தில் நிதியுள்ள இடம் வருமா? அதுவரை என் சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா?” தயங்க வேண்டாம், இது அங்கே சகஜமாகக் கேட்கும் கேள்விதான். முடியாது என்று பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு, ஐஐடி விண்ணப்பத்தை நிரப்பச் சொல்லுங்கள்.