பெங்களூருவில் கிராஃப்ட் பியர்: முதல் தடவை போகிறவர் எதில் தொடங்கலாம்?

பாட்டில் பியர் மட்டுமே குடித்தவர், பெங்களூரு போகும்போது எதைக் கேட்டு வாங்குவது, ருசி ஏன் மாறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்திராநகரில் 2010-இல் தொடங்கிய டாய்ட் (Toit) என்ற பப்புக்குப் போங்கள். பியரை அங்கேயே காய்ச்சுகிறார்கள். இப்படிச் சின்ன அளவில் காய்ச்சுவதைத்தான் கிராஃப்ட் பியர் என்கிறார்கள்.

நேராகப் பெரிய கிளாஸ் சொல்லிவிடாதீர்கள். முதலில் சாம்ப்ளர் கேளுங்கள். சின்னச் சின்ன கிளாஸ்களில் பல வகை வரும். அதில் டாய்ட் வெய்ஸை முதலில் எடுங்கள். கோதுமை பியர், வடிகட்டாததால் கலங்கலாக இருக்கும். உடனே குடிக்காமல் கொஞ்சம் முகர்ந்து பாருங்கள்: பழுத்த வாழைப்பழ வாசனை, பின்னால் லேசாகக் கிராம்பு. இரண்டையுமே யாரும் போடவில்லை! நொதிக்கும்போது ஈஸ்ட்டே உண்டாக்குகிற மணம் அது. எனக்கு இதுதான் கிராஃப்ட் பியரின் பெரிய அதிசயம்.

அப்புறம் டின்டின் டாய்ட். இது பெல்ஜிய 'விட்' என்ற கோதுமை பியர் பாணி. இந்தப் பாணியில் நம் சமையலறைக் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் உண்மையிலேயே சேர்ப்பார்கள். பாஸ்மதி அரிசி சேர்த்த பாஸ்மதி ப்ளாண்ட் கசப்புப் பிடிக்காதவர்களுக்குச் சரியாக இருக்கும். கருப்பு ஸ்டவுட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வறுத்த பார்லியின் காப்பிக் கசப்பு நாக்கில் தங்கிவிட்டால் மற்றவை எடுபடாது.

பாட்டில் பியர் மாதக்கணக்கில் கெடாமல் இருக்க, பொதுவாக வடிகட்டி, சூடாக்கி அடைப்பார்கள். இங்கே தொட்டியிலிருந்து நேராக கிளாஸுக்கு வருவதால் அந்த மணமெல்லாம் அப்படியே நிற்கிறது. ரொம்பச் சில்லென்று இருந்தால் இரண்டு நிமிடம் விட்டுக் குடியுங்கள், வாசனை மேலே வரும். திரும்பி வர ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள், வண்டி வேண்டாம்.