நெட்டில் 16 மணி நேரம், டிக்கெட்டில் 29 மணி நேரம்: எதை நம்புவது?

கேள்வி: நானும் என் கணவரும் (அவருக்கு 71 வயது) முதல் முறையாக நியூயார்க்கில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறோம். சென்னை - நியூயார்க் 13,500 கி.மீ., விமானத்தில் சுமார் 16 மணி நேரம் என்று நெட்டில் போட்டிருக்கிறது. டிராவல்ஸில் காட்டிய டிக்கெட்டோ 29 மணி நேரம். விவரம் தெரியாதவர்கள் என்று சுற்றுவழி டிக்கெட்டைத் தலையில் கட்டுகிறார்களா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: அந்த 16 மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கும் விமானமே சென்னையில் கிடையாது, அம்மா. அந்தத் தளங்கள் உருண்டை பூமியின் மேல் இரண்டு ஊருக்கும் நடுவே மிகக் குறுகிய கோட்டைப் போட்டு, அதை மணிக்கு 850 கி.மீ. என்பது போன்ற வேகத்தால் வகுத்துச் சொல்லிவிடும். நமக்கு நேரடி விமானம் இல்லாததால் எங்காவது இறங்கி மாறித்தான் ஆகவேண்டும்.

எங்கே மாறுகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. லண்டன் வழி போனால் 8,230 + 5,540, ஏறக்குறைய 13,770 கி.மீ. துபாய் வழி சுமார் 13,950. நேர்கோட்டைவிட 300, 450 கி.மீ. அதிகம், அவ்வளவுதான். சிங்கப்பூர் வழி என்றால் முதலில் கிழக்கே 2,900 கி.மீ. போய், அங்கிருந்து 15,300 கி.மீ.க்கு மேல் பறக்க வேண்டும். அந்த நேரடி விமானத்தில் எகானமி இருக்கையும் கிடையாது.

டிக்கெட்டில் இருக்கும் நேரங்களை நேராகக் கழித்துப் பார்க்காதீர்கள். புறப்படுவது சென்னை நேரம், சேருவது நியூயார்க் நேரம். அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி அதே நாள் மாலை 4 மணிக்குச் சேர்வதாக இருந்தால் 12 மணி நேரம் என்று தோன்றும். கோடையில் நியூயார்க் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அதையும் கூட்டினால் இருபத்தொன்றரை. குளிர்காலத்தில் வித்தியாசம் பத்தரை மணி நேரம். திரும்பி வரும்போது மேல்காற்று மேற்கிலிருந்து கிழக்கே தள்ளுவதால் பறக்கும் நேரம் குறையும். லண்டனிலிருந்து நியூயார்க் போக சுமார் 8 மணி நேரம், திரும்ப 7.

உங்கள் 29 மணி நேரத்தில் பறப்பது எவ்வளவு, காத்திருப்பது எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். பறப்பது 19, 20 மணி நேரம்தான் என்றால் மீதி முழுக்க விமான நிலைய நாற்காலியில் போகும். 71 வயதில் அது வேண்டாம். மூன்று, நான்கு மணி நேர இடைவெளி போதும்; ஒன்றரை மணி நேரம் என்றால் ஓட வேண்டியிருக்கும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகப் பாருங்கள்: இரண்டு விமானமும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்க வேண்டும். விலை குறைவென்று தனித்தனி டிக்கெட் வாங்கி, முதல் விமானம் தாமதமானால் அடுத்த விமானக் கம்பெனி பொறுப்பேற்காது. புது டிக்கெட் உங்கள் செலவு. லண்டன் வழி என்றால் டிரான்சிட் விசா தேவையா என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். கணவருக்கு வீல்சேரும் டிக்கெட் போடும்போதே சொல்லிவையுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.