கொழும்பில் நெரிசல், முல்லைத்தீவில் வெறுமை: இலங்கை பற்றிச் சில கேள்விகள்

இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் இலங்கையைப் பற்றிய கேள்விகள். அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கொழும்பில் நிற்க இடமில்லை, முல்லைத்தீவில் மைல் கணக்கில் ஆளில்லை. இத்தனை சின்னத் தீவில் ஏன் இப்படி?

பதில்: 2012 குடிசன மதிப்பீட்டைப் பாருங்கள். மேல் மாகாணம் நாட்டின் நிலத்தில் நூற்றுக்கு 6 பங்குகூட இல்லை, ஆனால் சனத்தொகையில் நூற்றுக்கு 28 பேர் அங்கேதான். கொழும்பு மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 3,400 பேர். முல்லைத்தீவில் 40 பேர்கூட இல்லை.

முதல் காரணம் மழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வரும் காற்று மலைநாட்டில் மோதி அந்தப் பக்கமே கொட்டித் தீர்க்கிறது. ஈரவலயம் எனப்படும் அந்தத் தென்மேற்குப் பகுதியில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல். மலையைத் தாண்டி இறங்கும்போது அதே காற்றில் ஈரம் இருக்காது. மட்டக்களப்பார் கச்சான் என்று திட்டுவது அந்த வறண்ட காற்றைத்தான்.

ஆனால் எல்லாவற்றையும் மழைமேல் போட நான் தயாரில்லை. மலையில் விளைந்த கோப்பிக்கு ஒரு வாசல் தேவைப்பட்டது. 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் ஓடியது. 1880களில் கொழும்புத் துறைமுகத்தில் அலையைத் தடுக்கும் சுவரான அலைதாங்கி கட்டி முடிந்ததும், காலிக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல்கள் இங்கே திரும்பின. முல்லைத்தீவு கதையோ வேறு. 2009இல் போர் அந்த மாவட்டத்தையே காலி செய்தது. அதை எந்த மழைக் கணக்கிலும் எழுத முடியாது.

கேள்வி: திருகோணமலை அருமையான இயற்கைத் துறைமுகம் என்கிறார்கள். பிறகு ஏன் அது கொழும்பு ஆகவில்லை?

பதில்: முன்னால் ஆழக்கடல் இருந்தால் மட்டும் போதாது, பின்னால் சரக்கு இருக்க வேண்டும். கறுவா, கோப்பி, தேயிலை எல்லாம் தீவின் மறுபக்கம். இங்கே பின்னால் காடு. கடற்படைக்குப் பிடித்த இடம், வியாபாரிக்கு அல்ல.

கேள்வி: மழை குறைந்த உலர்வலயம் வாழத் தோதில்லை என்றால் அனுராதபுரமும் பொலனறுவையும் எப்படித் தலைநகரங்களாயின?

பதில்: தோதில்லை என்று யார் சொன்னது? அங்கும் மழை உண்டு. மாரி மாதங்களில் பெய்துவிட்டுப் போய்விடும், அவ்வளவுதான். பிடித்து வைத்தவர்கள் பிழைத்தார்கள். ஒரு குளம் நிரம்பி வான் பாய்ந்தால் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. பொலனறுவையின் பராக்கிரம சமுத்திரம் என்ற பெருங்குளம் 12ஆம் நூற்றாண்டு வேலை. 13ஆம் நூற்றாண்டில் படையெடுப்புகளுக்குப் பிறகு அரசு தென்மேற்கே நகர்ந்தது. பார்க்க ஆளில்லாத குளங்கள் உடைந்தன, காடு ஏறியது, மலேரியா குடியிருந்தது.

இதில் ஒரு விசித்திரம். 1934-35இல் சுமார் 80,000 பேரைக் கொன்ற மலேரியாக் கொள்ளைநோய் பாய்ந்தது ஈரவலயப் பக்கம்! மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்க, நுளம்பு பெருகிவிட்டது. 1940களின் பிற்பகுதியில் டிடிடி தெளித்த பிறகுதான் உலர்வலயத்தில் பெரிய அளவில் ஆட்களைக் குடியேற்ற முடிந்தது. 1949இல் கிழக்கில் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம் அதில் ஒன்று. எந்த இனத்தாரை எங்கே இருத்துவது என்பது அப்போதே அரசியலாகிவிட்டது. அந்தப் புண் இன்னும் ஆறவில்லை.

கேள்வி: நுவரெலியாவில் குளிர், செங்குத்து மலை. அங்கே எப்படி 7 லட்சம் பேர்?

பதில்: தேயிலை. 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் விழுந்ததும் தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. வாராவாரம் கொழுந்து எடுக்க ஆண்டு முழுக்க ஆள் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் ஆள் பிடித்து வந்தார்கள். தோட்டத் துரை எங்கே லயன் என்ற வரிசை வீடுகளைக் கட்டினாரோ அங்கே ஊர். தொழிலாளர்கள் தாங்களாகத் தேர்ந்த இடமல்ல.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஆறே இல்லையே, இத்தனை பேர் எப்படிப் பயிர் செய்து வாழ்ந்தார்கள்?

பதில்: ஆறே இல்லை என்றால் வழுக்கியாறு கோபித்துக்கொள்ளும், மாரியில் மட்டும் ஓடுகிற ஆறென்றாலும். குடாநாட்டுக்கு அடியில் சுண்ணாம்புக்கல். ஐப்பசி கார்த்திகை மழை அதன் வெடிப்புகளில் இறங்கி, உள்ளே கிடக்கும் உப்புத் தண்ணீர்மேல் வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும். மேலே ஓரடி இறைத்துக் குறைத்தால் உப்பு 40 அடி ஏறும். வலிகாமத்துச் செம்மண்ணில் விளைந்த வெங்காயம், மிளகாய், புகையிலை எல்லாம் இந்தக் கணக்கில்தான் வளர்ந்தன.

துலா என்ற ஏற்றத்தால் கிணற்றில் இறைத்த காலத்தில் துலா மிதிக்க ஒருவர், தண்ணீர் மொள்ளும் பட்டையைப் பிடிக்க ஒருவர், பாத்திகளுக்குத் தண்ணீர் மாற ஒருவர். ஆட்கள் களைத்தால் இறைப்பு நிற்கும், கிணறு ஊறும். தண்ணீர் இறைக்கும் மெஷின் களைப்பதில்லை. எங்கள் அயலில் ஒரு வெங்காயத் தோட்டத்துக் கிணறு அப்படித்தான் போனது. சித்திரை வெயிலில் இரவு பகலாக இறைத்தார்கள். முதலில் அந்த வீட்டுத் தேநீரில் ருசி மாறியது, அப்புறம் வெங்காயத் தாளின் நுனி கருகியது. அடுத்த மாரி நன்றாகப் பெய்தும் பழைய ருசி திரும்பவில்லை. இப்போது அந்த வளவில் நாலு தென்னை நிற்கிறது. குடிதண்ணீர் பவுசர் என்ற தண்ணீர் லாரியில் வருகிறது.