ஆரஞ்சு தபால்தலை கறுத்துப்போனால் பழைய நிறம் திரும்புமா?

தாத்தா ஆல்பத்திலிருந்த ஆரஞ்சு தலை பழுப்பாகக் கறுத்துவிட்டது என்கிறீர்கள். பெரும்பாலும் அது அழுக்கில்லை. பழைய மையில் ஈயம் கலந்த நிறமி இருக்கும். காற்றிலுள்ள கந்தகம் பட்டு ஈய சல்பைடாகிக் கறுக்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் பஞ்சு நுனியை நனைத்து மெல்ல ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். கறுப்பு விலகி ஆரஞ்சு எட்டிப்பார்க்கும். அப்புறம் சுத்தமான நீரில் அலசி, வெள்ளை ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்துக் காயவிடுங்கள்.

பின்பக்கம் கோந்து கலையாத தலையென்றால் தண்ணீரே படக்கூடாது. கோந்து போனால் விலையும் போச்சு. 1883-84இல் பிரிட்டனில் வந்த விக்டோரியா ராணி படம் போட்ட பச்சை, ஊதா தலைகளையும் நனைத்துவிடாதீர்கள். முத்திரையை அழித்து மறுபடி ஒட்டுவதைத் தடுக்கவே கரையும் மையில் அச்சடித்தவை அவை.