வீட்டில் படிக்கும் பிள்ளைகள், வீட்டில் இருக்கும் மாமியார்

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள். நான் பெரம்பூரில் வசிக்கிறேன். வயது 38. கணவர் ரயில்வேயில் வேலை பார்க்கிறார். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 8. இரண்டு பேரையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்து நானே பாடம் சொல்லித் தருகிறேன். வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் இப்போது கடைசியில் இதில்தான் வந்து நிற்கிறது.

இதை யாரையோ பார்த்து ஆரம்பிக்கவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது மகள் ஒன்றாம் வகுப்பு. செல்போனில் வகுப்பு எடுத்தார்கள். அத்தனை சின்னச் சின்ன முகங்களில் இவள் யார் என்றுகூட டீச்சருக்குத் தெரியாது. சரி என்று நானே உட்கார்ந்தேன். சில மாதங்களில் தமிழும் ஆங்கிலமும் திக்காமல் வாசித்தாள். 2021 நவம்பரில் சின்ன வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தபோது ஜெபித்துவிட்டு, அனுப்ப வேண்டாம் என்று நானும் கணவரும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம். இப்போது கேட்டால் “உன் இஷ்டம்னு விட்டேன்” என்கிறார்.

என் மாமியாருக்குத் தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத் பக்கம். மிஷன் பள்ளியில் முப்பது வருடம் டீச்சர். மாமா இறந்த பிறகு எங்களோடுதான் இருக்கிறார். என் முகத்துக்கு நேராக எதுவும் சொல்ல மாட்டார். நாத்தனாரிடம் போனில், “டீச்சர் வீட்டுப் பேரப்பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகலன்னு ஊர்ல கேட்டா நான் என்ன சொல்ல” என்பார், எனக்குக் கேட்கிற மாதிரி.

நான் சும்மா விளையாட்டாகச் செய்யவில்லை. ஆறரைக்குக் குடும்ப ஜெபம். கணவரை வேலைக்கு அனுப்பிவிட்டு எட்டு மணிக்கு வசன மனப்பாடம். தலை தெளிவாக இருக்கும்போதே கணக்கை முடித்துவிடுவோம். சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் மகளுக்குப் பின்னம், இன்னொரு பக்கம் மகனுக்கு வாய்ப்பாடு. மதியத்துக்கு மேல் அறிவியல். சமையலறைதான் லேப். அமெரிக்காவில் வீட்டிலேயே படிக்க வைக்கும் கிறிஸ்தவத் தாய்மார்களின் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அவர்கள் பாடத்திட்டத்தையே பெரிய செலவு செய்து வரவழைத்தேன். அதில் அவுன்சும் இஞ்சும்தான் வரும். பனிப்பொழிவு பாடத்தை மே மாதம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நடத்தினோம். அதனால் சமச்சீர் புத்தகங்களையும் சேர்த்துக்கொண்டேன். கூட்டமில்லாத வார நாளில் எழும்பூர் மியூசியம், அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பகுதி என்று கூட்டிப் போகிறேன். எந்தப் பள்ளியில் இதெல்லாம் செய்வார்கள்?

ஆனால் சபையில் ஆராதனை முடிந்து வெளியே வந்தால், “இன்னும் சேர்க்கலையா? டிசி இல்லாம அப்புறம் என்ன பண்ணுவீங்க?” என்று பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு மூத்த சகோதரி என் மகனை நிறுத்தி “ஏழு எட்டு எவ்வளவு தம்பி?” என்று கேட்டார். அத்தனை பேர் நடுவில் பயந்து 54 என்றான். வீட்டில் தூக்கத்தில் கேட்டாலும் 56 என்பான். பக்கத்துப் பிளாட் சார், இது சட்டப்படி தப்பு, கேஸ் போடலாம் என்கிறார்.

மாமியாரும் அப்படித்தான். நான் பாடம் நடத்தும்போது பைபிளை வைத்துக்கொண்டு அதே ஹாலில் உட்கார்ந்திருப்பார். உச்சுக் கொட்டுவார். ஒருநாள் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். “இரண்டாம் வேற்றுமைக்குப் பின்னால வல்லினம் மிகும்மா, நீ ஒற்றை விட்டுட்ட” என்று பிள்ளைகள் முன்னால் சொன்னார். எனக்கு உயிரே போய்விட்டது. “அத்தை, நீங்க உள்ள போய் ஓய்வெடுங்க” என்றேன். அன்றிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. அவர் மகனும் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் எம்.காம். படித்தவள். கணக்குப் பிரிவில் நல்ல வேலையில் இருந்தேன். இந்தப் பிள்ளைகளுக்காக விட்டேன். அதை யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. இரவில் எல்லாரும் தூங்கிய பிறகு சமையலறையில் நின்று அழுகிறேன், அது யாருக்கும் தெரியாது. மகள் ஒருத்திதான் எனக்கு ஆறுதல். எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். போன மாதம் பால்கனியில் நின்று, கீழே பக்கத்து வீட்டுப் பெண் ஸ்கூல் வேனில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே, “நான் ஸ்கூலுக்குப் போயிட்டா நீங்க பகல்லாம் என்னம்மா பண்ணுவீங்க?” என்றாள். எவ்வளவு பாசம் பாருங்கள். பிள்ளைகளை இப்படி வளர்த்திருக்கிறேனே, அது மாமியார் கண்ணில் படுகிறதா? அதை விடுங்கள்.

பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதி என்று உபாகமம் ஆறாம் அதிகாரத்தில் பெற்றோருக்குத்தானே சொல்லியிருக்கிறது? பள்ளிக்கூடத்துக்கா சொல்லியிருக்கிறது? மாமியாருக்கு இதை எப்படிப் புரிய வைப்பது? சபையில் கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது? கணவரை எப்படி என் பக்கம் பேச வைப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரம்பூர்

*

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளில் எதற்கும் நேராகப் பதில் சொல்லப் போவதில்லை. பக்கத்துப் பிளாட் சாரின் விஷயத்தை மட்டும் முதலில் முடித்துவிடலாம். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றியது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதில் இருக்கிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு இன்ன தண்டனை என்று அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு லிப்ட்டில் ஏறுங்கள்.

உங்கள் மகளுக்கு வருகிறேன். இவ்வளவு நீளக் கடிதத்தில் அவள் வாய் திறந்து பேசியது ஒரே ஒரு வாக்கியம். அதையும் எழுதிவிட்டு “அதை விடுங்கள்” என்று நகர்ந்துவிட்டீர்கள். நான் விடப் போவதில்லை.

அது பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவள் எங்கே நின்று, எதைப் பார்த்துக்கொண்டு கேட்டாள் என்பதை நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். வேனைப் பார்த்த ஒரு பிள்ளை “நானும் போகட்டுமா?” என்று கேட்கலாம், “எனக்கு அதெல்லாம் வேண்டாம்பா” என்று சொல்லலாம். இவள் இரண்டையும் சொல்லவில்லை. தனக்கு என்ன வேண்டும் என்ற இடத்துக்கு வருவதற்கு முன்பே, தான் போய்விட்டால் அம்மாவுக்கு என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறாள். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவே இல்லை, கவனித்தீர்களா? ஒருவேளை சிரித்துக்கொண்டே கட்டிப் பிடித்திருப்பீர்கள். அவள் கேட்டதற்கு அது பதில் அல்ல.

நீங்கள் இரவில் அழுவது யாருக்கும் தெரியாது என்கிறீர்கள். பெரம்பூர் பிளாட்டில் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே எத்தனை அடி இருக்கும்? எனக்கென்னவோ, ஒருத்திக்குத் தெரியும் என்றுதான் தோன்றுகிறது.

குடும்ப ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நாங்கள் அடிக்கடி பார்ப்பது இது. அம்மாவோ அப்பாவோ உள்ளுக்குள் தளர்ந்துபோன வீட்டில் ஒரு பிள்ளை சத்தமில்லாமல் அவர்களைத் தாங்க ஆரம்பித்துவிடும். எதிர்த்துப் பேசாது, அடம் பிடிக்காது, யாரும் சொல்லாமலே தம்பியைப் பார்த்துக்கொள்ளும். ஊரே மெச்சும் பிள்ளை அது. 12 வயதில் ஒரு பெண் குழந்தை எதிர்த்து ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்றால், நான் அதை வளர்ப்பின் பெருமையாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இந்த வீட்டில் கோபப்பட இவளுக்கு இடம் இருக்கிறதா என்றுதான் கேட்பேன். உங்களோடு சண்டை போட்டுவிட்டு அவள் எங்கே போவாள்? டீச்சர் மீது கோபம் வந்தால் அம்மாவிடம் சொல்லலாம், அம்மா மீது கோபம் வந்தால் தோழியிடம் சொல்லலாம். அவளுக்கு டீச்சரும் நீங்கள், அம்மாவும் நீங்கள், நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ஏறக்குறைய தோழியும் நீங்கள்தான்.

அதனால் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள் என்று சொல்கிறேன் என நினைக்காதீர்கள். நீங்கள் நன்றாகவே சொல்லித் தருகிறீர்கள். கூட்டமில்லாத நாளில் மியூசியத்துக்குக் கூட்டிப் போகும் அம்மா எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைப்பாள்? மகன் 54 என்று சொன்னதில் ஒன்றுமே இல்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளையும் அந்த அம்மாளின் முன்னால் அதையேதான் சொல்லியிருக்கும். வீட்டில் படிப்பதா, பள்ளியில் படிப்பதா என்பது எனக்கு இரண்டாம் கேள்வி. நீங்கள் வேலையை விட்டீர்கள். கணவர் ஒதுங்கிக்கொண்டார். மாமியாரை நீங்கள் ஒதுக்கினீர்கள். கடைசியில் உங்கள் பகல் முழுவதும், உங்கள் மரியாதை முழுவதும் அந்த இரண்டு பிள்ளைகள் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. சின்னவனுக்கு இன்னும் புரியவில்லை. பெரியவளுக்குப் புரிந்துவிட்டது.

மாமியார் விஷயத்தில் நான் உங்களுக்குப் பிடித்த மாதிரி பேசப் போவதில்லை. பிள்ளைகள் முன்னால் திருத்தியிருக்கக் கூடாது, அது தப்பு. ஆனால் அவர் சொன்ன விதி சரி. முப்பது வருடம் பாடம் எடுத்தவரை “உள்ள போய் ஓய்வெடுங்க” என்று அனுப்பினீர்களே, அந்த வீட்டில் அவருக்கு வேறு என்ன வேலை மிச்சம்? தென்மாவட்டக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பள்ளிக்கூடம் என்பது வெறும் கட்டிடம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததா? 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் முதலில் செய்த காரியங்களில் ஒன்று பள்ளி தொடங்கியது. நெல்லைச் சீமையில் எத்தனையோ கிராமங்களில் கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே கூரைக்குக் கீழேதான் இருந்தன. எழுத்து வாசனை இல்லாத குடும்பங்களிலிருந்து பெண்கள் டீச்சராக வந்தது அந்த வழியில்தான். ‘பள்ளிக்கூடம் வேண்டாம்’ என்று நீங்கள் சொல்வது அவர் காதில் ‘உங்கள் வாழ்க்கையே வீண்’ என்று விழுகிறது. சபையில் கேட்பவர்கள் வம்புக்குக் கேட்கிறார்கள், அவர்களுக்குப் புன்னகை போதும். மாமியார் வம்புக்குக் கேட்கவில்லை.

இந்த வரலாற்றை உங்கள் பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறீர்களா? அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டியில் இது இருக்காது. உங்கள் ஹாலில் உட்கார்ந்து உச்சுக் கொட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த வீடியோ தாய்மார்களைப் பற்றியும் ஒன்று. அங்கே வீட்டுக் கல்வி எல்லா மாநிலங்களிலும் சட்டப்படி ஏற்கப்பட்டது. அதைச் செய்கிறவர்களில் பலர் தனியாகச் செய்வதும் இல்லை. சில குடும்பங்கள் சேர்ந்து, வாரத்தில் ஒருநாள் ஒருவர் வீட்டிலோ சபைக் கூடத்திலோ கூடுகிறார்கள். ஒரு அம்மா அறிவியல் நடத்துவார், இன்னொருவர் இசை சொல்லித் தருவார், பிள்ளைகள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்வார்கள். வீடியோவில் ஒரு அம்மாவும் ஒரு மேசையும்தான் தெரியும். நீங்கள் அந்த மேசையை மட்டும் பெரம்பூருக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள்.

உபாகமத்தைக் காட்டிக் கேட்டீர்கள். நான் உங்கள் சபையைச் சேர்ந்தவள் இல்லை, ஆனால் நானும் மிஷன் பள்ளியில் படித்தவள்தான். லூக்கா இரண்டாம் அதிகாரம் நினைவிருக்கிறது. 12 வயதில் காணாமல்போன பிள்ளையை மரியாள் தேடிக் கண்டுபிடித்தபோது, அவர் தேவாலயத்தில் போதகர்கள் நடுவில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டும் அவர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டும் இருந்தார். அந்த வயதுக்கு வேறு ஆசிரியர்கள் வேண்டியிருக்கிறது. அதனால் அம்மா சொல்லிக் கொடுத்தது குறைவு என்று ஆகாது.

இனி செய்ய வேண்டியது. தமிழை மாமியாரிடம் விட்டுவிடுங்கள். உதவி கேட்பதுபோல இல்லாமல் பொறுப்பாகவே கொடுங்கள், அந்த நேரத்தில் நீங்கள் ஹாலில் உட்காராதீர்கள். அவர் நடத்துவது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். போகட்டும். கணவரை உங்கள் பக்கம் பேச வைக்க வேண்டாம், சனிக்கிழமை அறிவியலை எடுக்க வையுங்கள். எம்.காம். படித்த நீங்கள் பகுதிநேரமாகக் கணக்கு வேலை ஏதாவது தேடுங்கள். வீட்டில் பணத்தேவை இல்லை என்றாலும் தேடுங்கள். ‘நீங்க பகல்லாம் என்னம்மா பண்ணுவீங்க’ என்ற கேள்விக்கு உங்கள் மகள் கண்ணால் பார்க்கும்படி ஒரு பதில் வேண்டும். இரவு அழுகை இன்னும் சில வாரங்கள் நீடித்தால் அதற்கென்று தனியாக ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். ஜெபத்தோடு கூடவே பார்க்கலாம்.

பரீட்சையைப் பற்றி இப்போதே பதற வேண்டாம். என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்ய 14 வயது நிறைந்திருக்க வேண்டும், அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. பள்ளிக்குப் போகிறேன் என்று அவள் சொன்னாலும் வழி உண்டு. இதுவரை பள்ளிக்குப் போகாத பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கலாம் என்று நான் மேலே சொன்ன அதே சட்டம்தான் சொல்கிறது.

அவளிடம் கேட்க வேண்டும், ஆனால் இந்த வாரம் வேண்டாம். இப்போது கேட்டால் “இல்லம்மா, எனக்கு வீடுதான் பிடிச்சிருக்கு” என்பாள், நீங்களும் நம்பிவிடுவீர்கள். நீங்கள் வெளியே போய் வர ஆரம்பித்து, அது வீட்டில் எல்லாருக்கும் பழகிய பிறகு கேட்கலாம். அப்போதும் நீங்கள் கேட்காதீர்கள். அவள் அப்பா கேட்கட்டும், அல்லது பாட்டி கேட்கட்டும். கேட்கும்போது நீங்கள் வீட்டில் இருக்க வேண்டாம்.