பச்சைக் கட்டங்கள் – கடிதம்

வணக்கம் சார்,

பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நிரலை எல்லோரும் பார்த்துத் திருத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களில் பங்களித்தால் வேலை கிடைப்பது எளிது என்று சீனியர்கள் சொன்னார்கள். நான்கு மாதமாக மென்பொருளை அறிமுகப்படுத்தும் ரீட்மீ கோப்புகளில் எழுத்துப்பிழை திருத்தி வருகிறேன். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் என் பக்கத்தில், பங்களித்த நாளுக்கு ஒன்றாக விழும் பச்சைக் கட்டங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. ஆனால் ஒரு பெரிய புராஜெக்டில் நானே கண்டுபிடித்துப் போட்ட பக் ரிப்போர்ட் (பிழை அறிவிப்பு) மூன்று மாதமாகப் பதிலில்லாமல் கிடக்கிறது. நான் வளர்கிறேனா, கட்டம்தான் நிரப்புகிறேனா?

ஒரு மாணவன், ஈரோடு

அன்புள்ள தம்பிக்கு,

கட்டம்தான் நிரப்புகிறீர்கள். உங்களுக்கே தெரிந்ததால்தான் கேட்கிறீர்கள். ஆனால் அந்த பக் ரிப்போர்ட்டைக் கைவிட்டுவிடாதீர்கள், அதில்தான் விஷயம் இருக்கிறது.

இணையப் பக்கங்களை வழங்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளான அப்பாச்சி வெப் சர்வரின் தொடக்க ஆண்டுகளை மோக்கஸ், ஃபீல்டிங், ஹெர்ப்ஸ்லெப் என்ற மூவர் ஆராய்ந்தார்கள். நிரல் எழுதியவர்கள் ஏறக்குறைய 400 பேர். அதில் 80 சதவீதத்துக்கு மேல் எழுதியது வெறும் 15 பேர். பிழை திருத்தியவர்களின் வட்டம் அதைவிடப் பெரிது, பிழை சொன்னவர்களின் வட்டம் அதைவிடவும் மிகப் பெரிது. கல்யாண வீட்டில் பரிமாறுபவர் நாலு பேர், பந்தியில் நானூறு பேர் என்றால் உங்கள் இலைக்குச் சோறு எப்போது வரும்? யாரும் உங்களை அலட்சியப்படுத்தியிருக்க வேண்டியதில்லை.

அப்புறம், மிங்ஹூய் ஜோவும் அதே மோக்கஸும் 2012-ல் வெளியிட்ட ஆய்வு. ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவிலும், லினக்ஸ் கணினிகளின் திரைமுகப்பான க்னோமிலும் புதிதாக வந்தவர்களில் யார் நெடுநாள் தங்கினார்கள் என்று பார்த்தார்கள். தானே ஒரு பிழையை அறிவித்து நுழைந்தவர்களைவிட, பிறர் அறிவித்த பிழைக்குக் கருத்து எழுதி நுழைந்தவர்கள் தங்கும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல். தான் சொன்ன ஒரு பிழையாவது சரிசெய்யப்பட்டதைப் பார்த்தவர்களுக்கும் அப்படியே. புராஜெக்ட் பிரபலமாக இருந்தாலோ, கூட இருப்பவர்கள் கண்டுகொள்ளாமல் விட்டாலோ வாய்ப்பு குறைகிறது. உங்கள் விஷயத்தில் இரண்டும் சேர்ந்துவிட்டன.

இதை மந்திரம்போல எடுத்துக்கொள்ள வேண்டாம். அக்கறை உள்ளவர்கள்தான் முதலிலேயே அடுத்தவர் பிழையைப் படிப்பவர்களாக இருக்கலாம், அதனாலேயே தங்கியும் இருக்கலாம். ஆனாலும் எனக்கு இது சரியாகவே படுகிறது. என் முதல் திருத்தம் ஒரு வருடம் கேட்பாரற்றுக் கிடந்தது. கோபத்தில் வெளியேறிவிட்டேன். பின்னால் ஒரு சின்ன நிரல் நூலகத்தை (லைப்ரரி) நானே பராமரித்தபோது, பதில் சொல்லாத ரிப்போர்ட்டுகள் என்னிடமும் குவிந்தன. “இதை நானும் ஓட்டிப் பார்த்தேன், இந்தப் பதிப்பில் வருகிறது, அதில் வரவில்லை” என்று யாராவது ஒரு வரி எழுதினால் எனக்கு ஒரு மாலை மிச்சம். அப்படி எழுதியவர்களின் பெயர்கள் இன்றும் நினைவிருக்கின்றன.

எழுத்துப்பிழை திருத்துவது கேவலமில்லை. ஆனால் ஓப்பன் சோர்ஸுக்குத் திருத்தம் அனுப்பியவர்களுக்கு டி-ஷர்ட் தந்த ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், 2020-ல் அந்த டி-ஷர்ட்டுக்காகவே ஒப்புக்குச் சப்பாணித் திருத்தங்கள் வந்து குவிந்ததில், சம்மதம் தெரிவித்த புராஜெக்டுகள் மட்டுமே அதில் சேரும் என்று விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு ரீட்மீ திருத்தம் என்றாலே பராமரிப்பவர்களுக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு சின்ன மென்பொருளைப் பிடியுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளை உங்கள் கணினியில் ஓட்டிப் பாருங்கள். பெரிய புராஜெக்டில் கிடக்கும் உங்கள் பிழையைப் புதிய பதிப்பில் மறுபடி சோதித்து, அது வரும் படிகளை வரிசையாக எழுதி அங்கேயே சேருங்கள். சுட்டியை எனக்கும் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை நானும் ஓட்டிப் பார்க்கிறேன்.